நிர்வாக அளவில் விழுந்த மரம்

"எந்தத் தேதி?" என்று கேட்டுவிட்டாள் வெனிங்.

சும்பராயு நகரப் பசுமைத் துறையின் கூட்ட அரங்கில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கவே கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. "காலம் கனியும்போது" என்று சொல்லலாம். "பாக் அவர்களின் வழிகாட்டுதலுக்கு ஏற்ப" என்று, ஐயா என்பதற்கான அந்தப் "பாக்"கை நீட்டி இழுக்கலாம். மைக்கைக் கையில் வாங்கி, துறைத் தலைவரின் முகத்தைப் பார்த்து, எந்தத் தேதி என்று கேட்பது மாமனார் வீட்டு விருந்தில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவதுபோல.

தின்பண்டப் பெட்டியிலிருந்து லெம்பர் என்ற ஒட்டரிசி உருளையை எடுத்து வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பிரித்தபடியே நின்றார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த தலைமையாசிரியை கஸ்தீரா, வெனிங்கின் தொடையில் கிள்ளினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"எது வேணா கேளு கண்ணு. டீ கேளு, தண்ணி கேளு, பாத்ரூம் எங்க இருக்குன்னு கேளு. தேதி மட்டும் கேட்டுடாத. தேதி கேட்டா அவங்கள நம்பலைன்னு அர்த்தம்."

"நான் நம்பலையே, இபு," என்று அந்த ஊர் வழக்கப்படி அம்மா போட்டுச் சொன்னாள் வெனிங்.

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்."

விஷயம் ஒரு மரம். வெனிங் பாடம் சொல்லித்தரும் மெலாத்தி மொட்டு பாலர் பள்ளியின் முற்றத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம். மற்றத் தூங்குமூஞ்சி மரங்கள் சாயங்காலம் இலையை மூடிக்கொண்டு காலையில் திறக்கும். இதில் ஒரு பாதி, போன வறட்சிக் காலத்தில் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. அடிமரத்தைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காளான்கள் அடுக்கடுக்காகக் கிளம்பியிருந்தன. தண்டைத் தட்டினால் மேளம்போலக் கேட்டது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், வரிசையில் நின்று தட்டினார்கள். மரம் சாய்ந்திருந்த திசைக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து, வெடிப்பில் குழந்தையின் கை போகும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. மிகப் பெரிய கிளை வகுப்பறை ஓட்டுக்கு நேர் மேலே நீண்டிருந்தது.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைவிடச் சின்னக் கிளை ஒன்று ஊஞ்சல்மேல் விழுந்தது. இரும்புக் குழாய் வில்லாக வளைந்தது. திங்கட்கிழமை காலை அந்த ஊஞ்சலுக்கு யார் முதலில் ஓடிவருவார்கள் என்று வெனிங்குக்குத் தெரியும். சேகார் என்ற சிறுமி. இரட்டைச் சடை. எப்போதும் முதலில் ஓடிவருபவள். வெனிங் அன்றே விண்ணப்பம் எழுதினாள். அவள் அம்மா சந்தையில் தெம்பே என்ற சோயாக் கட்டி விற்பவள். அந்தக் குடும்பத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். எழுதினால் நடக்கும் என்று நம்பிய முதல் ஆளும் அவள்தான்.

தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் பாக் ஹெர்னோவோ பார்வையிட வந்தார். வந்தவர் படலைத் தாண்டவில்லை. தெருவில் நின்றபடி கைபேசியில் மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அபாயம்தான் ம்பாக்," என்றார், அவளை மரியாதையாக அக்கா ஆக்கி. "சந்தேகமே இல்ல. அதனாலதான் நான் உள்ள வரல."

"உள்ள பிள்ளைங்க இருக்காங்களே, பாக்."

"பார்த்தேன். ரொம்பச் சுறுசுறுப்பா இருக்காங்க."

பார்வையிட்டதன் பலனாக ஒரு குழு பிறந்தது. அபாயகர மரங்களைப் பாதுகாப்பாக அகற்றும் முடிவைத் துரிதப்படுத்தும் குழு. பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும் என்பதால் அதற்கு ஒரு சுருக்கப் பெயர் வைக்க ஒரு கூட்டம் போட்டார்கள். சுருக்கப் பெயர் அமைந்தது. சட்டையில் குத்தும் வில்லையும் வந்தது. மரம் நின்றது.

முதல் கூட்டத்தில் துறைத் தலைவர் பாக் சுகார்ஜிதோ வரவேற்புரை ஆற்றினார். அவருக்குமுன் மூன்று பேர் அவரை வரவேற்று உரையாற்றியிருந்தார்கள். கருநீல பாத்திக் சட்டை, தேன் தடவிய குரல்.

"மரத்தை வெட்டுவது எளிது. கோடாலி இருந்தால் யாரும் வெட்டலாம். ஆனால் மரத்தை வெட்டுவது என்கிற முடிவை யாருக்கும் காயமில்லாமல் எடுப்பது எப்படி? அதுதான் நம் முன் நிற்கும் சவால். ஒரு மரம் விழுந்தால் ஒரு கூரை உடையும், சரி, கட்டிக்கொள்ளலாம். ஒரு முடிவு தவறாக விழுந்தால்? ஒரு துறையே உடையும். ஆகவே பாதுகாப்பே நமக்கு முதன்மை."

கைதட்டினார்கள். யாருடைய பாதுகாப்பு என்று வெனிங்குக்கு அப்போது உறைக்கவில்லை. அவளும் தட்டினாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் கைகளைத் துடைத்துக்கொள்வாள்.

மரத்தை அகற்ற மூன்று வழி பேசப்பட்டது. ஆள் ஏறிக் கிளை கிளையாக அறுப்பது ஒன்று. உள்ளே ஓட்டை, ஏறினால் ஆளோடு சாயும் என்றார் ஹெர்னோவோ. அடியோடு அறுத்துச் சாய்ப்பது இன்னொன்று. சாய்ந்தால் பள்ளிமேல் சாயும் என்றார் அவரே. பாரந்தூக்கி வண்டியைக் கொண்டுவந்து மரத்தில் கால் வைக்காமல் மேலிருந்து துண்டுதுண்டாக இறக்குவது மூன்றாவது.

"அது பாதுகாப்பானது," என்றார் ஹெர்னோவோ.

எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே கைதூக்கி வாக்கெடுப்பது அநாகரிகம். எல்லா மனமும் ஒரே மனமாகும்வரை பேச வேண்டும். ஒரே மனமாகிவிட்டது, இனி வண்டிதான் என்று வெனிங் எழுந்தே நின்றுவிட்டாள். அப்போது பின்வரிசையில் ஒருவர், "பாதுகாப்பான வழி என்பதால், அதைப் பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, மற்ற வழிகளையும் பரிசீலிக்கலாமே" என்றார். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்பதில் மட்டும் மனங்கள் உண்மையாகவே ஒன்றின.

பிறகு ஒப்பீட்டு ஆய்வுக்காகக் குழு பாலித் தீவுக்குப் போனது. குடும்பத்தோடு போனதால் ஆய்வு விரிவாக அமைந்தது. திரும்பி வந்து படம் போட்டுக் காட்டினார்கள். கடற்கரை, மரம், கடற்கரை, மரத்தடியில் இளநீர், மறுபடி கடற்கரை.

"அங்கே பெரிய மரங்களுக்கெல்லாம் கட்டம்போட்ட துணி கட்டியிருக்கிறார்கள்," என்றார் சுகார்ஜிதோ. "நாங்கள் இருந்த நாட்களில் துணி கட்டிய ஒரு மரம்கூட விழவில்லை. இது ஆழ்ந்து கவனிக்க வேண்டிய கண்டுபிடிப்பு."

அந்த வாரமே மெலாத்தி மொட்டு பள்ளி மரத்துக்கும் துணியாக ஒரு பதாகை வந்தது. சுகார்ஜிதோவின் சிரித்த முகம், ஹெர்னோவோவின் சிரிக்க முயன்ற முகம், நடுவே பெரிய எழுத்தில்: "இந்த மரம் ஆபத்தானது. மகிழ்ச்சியோடு விளையாடுங்கள்." கொண்டுவந்த பணியாளர் மரத்தில் ஆணி அடிக்கச் சுத்தியலை ஓங்கினார். அடிக்க வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார், ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பணியாளர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு வெனிங்கைப் பார்த்தார்.

"எனக்கு மாட்டச் சொல்லித்தான் உத்தரவு," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

அடுத்து தலைக்கவசங்கள் வந்தன. பன்மையில்தான் அறிவித்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைக்கவசம், அடையாளமாக முதல் கவசத்தைத் துறைத் தலைவர் வழங்குவார் என்று. வழங்கினார். சேகாரின் தலையில் மஞ்சள் கவசத்தை வைத்தார். அது அவள் மூக்குவரை இறங்கியது. படம் எடுத்தார்கள். பிறகு ஒருவர் வந்து கவசத்தை மெதுவாகக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் எப்போ வரும்?" என்றாள் வெனிங்.

"வழங்கியாச்சே, ம்பாக்."

"ஒண்ணுதானே கொடுத்தீங்க? அதையும் எடுத்துக்கிட்டீங்க."

"அடையாளமா எல்லாத்தையும் வழங்கியாச்சு. இது அலுவலகச் சொத்து, இதை இங்க விட்டுட்டுப் போக முடியாது."

சேகார் வெனிங்கின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "இபு குரு, என் தொப்பி எங்க?"

அவள் வாழ்க்கையில் அரசாங்கத்திடம் கேட்ட முதல் கேள்வி அது.

இதற்கெல்லாம் சிகரமாக அமைந்தது வெட்டுவிழா. ஆம், ஒருவழியாக முடிவெடுத்து மரத்தை வெட்டப் போகிறார்கள் என்ற சேதி கேட்டு, வெனிங் இரவெல்லாம் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒரு நன்றிப் பாட்டு எழுதினாள். காலையில் பந்தல் போட ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் போட்டார்கள்.

"மரம் இந்தப் பக்கம் இருக்கு," என்றாள் வெனிங்.

ஹெர்னோவோ அளவுநாடாவோடு நின்றிருந்தார். "அதனாலதான் ம்பாக். மரம் முழு உயரத்துக்கும் விழுந்தா எங்க வரைக்கும் வரும்னு அளந்து, அதுக்கும் தள்ளி நாற்காலி போட்டிருக்கோம். விருந்தினருங்க பாதுகாப்புல நாங்க விளையாட மாட்டோம்."

"பிள்ளைங்க எங்க நிக்கிறது?"

ஹெர்னோவோ சுற்றிலும் பார்த்தார். பந்தலில் இடமில்லை. "அவங்க பள்ளி முற்றத்துலயே நிக்கட்டும். மரத்தோட சேர்ந்து படத்துல நல்லா விழுவாங்க."

அவர் சொன்னதை அவரே கேட்டாரா என்று வெனிங் அவர் முகத்தில் தேடினாள். கேட்டதாகத் தெரியவில்லை.

வெட்டுவதற்கு மரம் வேண்டுமே. அந்த மரத்தை நெருங்கக்கூடாது என்பதால் பந்தலுக்குப் பக்கத்தில் நல்ல தெம்பாக நின்ற ஒரு மாமரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் சிறு கிளையில் சிவப்பு நாடா கட்டினார்கள். தட்டில் பட்டு விரித்துப் பொன்னிறக் கத்தரிக்கோலை ஓர் இளம்பெண் ஏந்திவந்தாள். சுகார்ஜிதோ நாடாவையும் கிளையையும் சேர்த்து வெட்டினார். கைதட்டல். அந்த ஊர் விழா முறைப்படி, கோபுரமாகக் குவித்த மஞ்சள் சோற்றின் உச்சியை அரிந்து ஹெர்னோவோவுக்குக் கொடுத்தார். மறுபடி கைதட்டல். தெருவுக்கு இந்தப் பக்கம், செத்த கிளைக்கு அடியில், பிள்ளைகள் நன்றிப் பாட்டுப் பாடினார்கள். வெனிங் பாடவில்லை. அண்ணாந்து கிளையையே பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பிள்ளைகளின் தலைக்குமேல் விரித்தபடி நின்றாள். படத்தில் அது நன்றாக விழுந்திருந்தது. நகராட்சிச் செய்தி மலரில், "மகிழ்ச்சியில் கைகளை விரிக்கும் ஆசிரியை" என்று போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே வெனிங் வேறு ஒரு கூட்டம் கூட்டினாள். சேகாரின் அப்பா கீமின், சாக்கடைக் குழாய்களை ஏற்றி இறக்கும் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவர். அவர் வீட்டு வாசலில் தாய்மார்கள் கூடினார்கள். மரம் அறுக்கிற சர்மானையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"வண்டியெல்லாம் எதுக்கு?" என்றான் சர்மான், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. "நான் ஏறாத மரமா? ஏறி ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது."

"உள்ள ஒண்ணுமே இல்ல. ஏறக்கூடாது," என்றாள் வெனிங்.

"படிச்ச புள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

"வந்து ஒரு குத்து குத்திப் பாருங்க. அப்புறம் ஏறுங்க. பெண்டாட்டிகிட்ட சொல்லிட்டு ஏறுங்க."

தாய்மார்கள் சிரித்தார்கள். சர்மான் ரோஷத்தோடு போய் மரத்தில் ஒரு குத்து விட்டான். கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கருப்பு எறும்புகளும் கூடவே வந்தன. கையை உதறிக்கொண்டே கீமினிடம் கேட்டான், "உங்க வண்டியில கூண்டு மாட்ட முடியுமா, பாக்?"

அதற்குமேல் பேச அதிகம் இருக்கவில்லை. கூண்டில் நின்று மேலிருந்து அறுப்பது, ஒவ்வொரு துண்டையும் கயிறு கட்டி இறக்குவது, ஓட்டுக்கு மேலே இருக்கும் கிளையை முதலில் எடுப்பது. தெருவின் இரண்டு முனையிலும் தாய்மார்கள் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவது. பிள்ளைகள் அதுவரை பேட்மிண்டன் கொட்டகையில். தலைமையாசிரியையிடம் அதை நடனப் பயிற்சி என்று சொன்னாள் வெனிங். கஸ்தீரா, "இவ்வளவு நாளைக்கா ஆடப் போறாங்க?" என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் கொட்டகைச் சாவியைக் கொடுத்தாள்.

தெருக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வெனிங் மின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் மரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்தத் தேதி? எத்தனை மணிக்கு?" என்றார். வெனிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

துறையின் நிறைவுக் கூட்டத்துக்கும் அழைப்பு வந்தது. அதே நாள், அதே காலை. போகாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் போனாள். ஒரே ஒரு முறை, நேராக, அவர்கள் வாயால் பதில் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

கேட்டும்விட்டாள்.

சுகார்ஜிதோ புன்னகைத்தார். "எந்தத் தேதி என்றால்? மரம் வெட்டியாகிவிட்டதே, ம்பாக். நீங்களும் இருந்தீர்களே. கைகளை விரித்து மகிழ்ந்தீர்களே."

"நீங்க வெட்டினது மாமரத்தோட கிளை. எங்க மரம் நிக்குது, பாக்."

"நிக்குது," என்று ஒப்புக்கொண்டார் ஹெர்னோவோ. "உடலளவுல நிக்குது. நிர்வாக அளவுல விழுந்தாச்சு."

"அது பிள்ளைங்க தலைல எந்த அளவுல விழும்?"

அரங்கில் யாரோ இருமினார்கள். ஹெர்னோவோ பொறுமையாக விளக்கினார். "வெட்டின மரம் எப்படி விழும், ம்பாக்? நல்லா யோசிச்சுப் பாருங்க. இப்போ மறுபடி வெட்டினா, ஒரே மரத்தை எதுக்கு ரெண்டு தடவை வெட்டினீங்கன்னு மேலேர்ந்து கேப்பாங்க. அது முறைகேடு. முறைகேட்டுக்கு நீங்க துணை போவீங்களா?"

சுகார்ஜிதோ குரலை இன்னும் மென்மையாக்கினார். "என் மனைவிதான் பாலர் பள்ளிகளின் சங்கத் தலைவி என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரியைகளின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது. உங்களைப் பற்றி வீட்டில் நல்லவிதமாகச் சொல்லவே எனக்கு ஆசை."

கஸ்தீரா கிள்ளுவதை நிறுத்திவிட்டு வெனிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் அம்மா எல்லோரிடமும் "எம் பொண்ணு டீச்சர்" என்று சொல்லிச் சொல்லித் தெம்பேயைப் பொட்டலம் கட்டுவது வெனிங்குக்கு ஒரு கணம் தெரிந்தது. கூடவே மஞ்சள் கவசத்துக்குக் கீழே ஒரு மூக்கும் தெரிந்தது.

"ஒரே ஒரு சந்தேகம், பாக்," என்றாள். "அந்த மரம் இப்போ இல்ல. அப்படித்தானே?"

"இல்லை."

"மைக்ல சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மைக் கொடுத்தால் மறுக்கிற வழக்கம் சுகார்ஜிதோவுக்குக் கிடையாது. எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டார். "மதிப்புக்குரிய அனைவருக்கும் வணக்கம். மெலாத்தி மொட்டு பாலர் பள்ளியின் முற்றத்தில் மரம் என்று எதுவும் இல்லை என்பதைப் பெருமிதத்தோடு அறிவிக்கிறேன். எதிர்காலத்தில் அங்கே ஒரு மரம் தென்பட்டாலும், அதற்கும் இத்துறைக்கும் யாதொரு தொடர்பும்..."

கைதட்டினார்கள். வெனிங்கும் தட்டினாள். இந்த முறை மனதாரத் தட்டினாள்.

"ரொம்ப நன்றி, பாக். இல்லாத மரத்தை வெட்ட யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். நான் தேதி கேட்டது உங்களுக்கு ஒண்ணு இருக்கான்னு பார்க்கத்தான். எங்களுக்கு இருக்கு. இன்னைக்கு."

சுகார்ஜிதோ மைக்கை வாயருகே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. விளக்கு அணைந்தது. அலுவலகமும் பள்ளியும் ஒரே கம்பியில் இருப்பதைத் தொழில்நுட்பப் பிரிவு கவனித்திருக்கவில்லை. மைக் செத்துவிட்டது தெரியாமல் துறைத் தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் உதடு அசைந்தது. முதல் வரிசைக்குக்கூட எதுவும் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் தலையாட்டினார்கள்.

வெனிங் மேசைமேல் திறக்காமல் இருந்த தின்பண்டப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"என்ன கண்ணு பண்ற?" என்றாள் கஸ்தீரா.

"சர்மான் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, இபு."

கஸ்தீரா தன் பெட்டியைப் பார்த்தாள். ஒரு லெம்பர்தான் குறைந்திருந்தது. மூடியை மூடி, அடுக்கின் உச்சியில் வைத்தாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ரம்பம் உறுமத் தொடங்கியது. ஹெர்னோவோ அடித்துப் பிடித்து எழுந்தார்.

"ம்பாக்! நில்லுங்க! திறப்புரை யார் ஆத்துறது? வரவேற்புரை? பாக் இல்லாம எப்படித் தொடங்குவீங்க?"

வெனிங் வாசலில் பெட்டிகளை முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலாலேயே துழாவிச் செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் இறங்கி நடந்தாள்.